சுவரைக் கேளுங்கள், சொல்லும்!

(இந்த இதழின் கேள்வி-பதில் முழுவதும் இங்கிலாந்தின் பழைய கிராமத்துச் செங்கல் வீடுகளைப் பற்றியது.)

இங்கிலாந்துக் கிராமத்து வீடு என்றாலே சிவப்புச் செங்கல்தானா?
(திருவாரூர் வாசகி)

முதலில், எல்லா ஊரிலும் செங்கல் கிடையாது. காட்ஸ்வோல்ட்ஸ் போலப் பாறை கிடைக்கும் பகுதிகளில் கல் வீடுகள். களிமண் கிடைக்கும் கிழக்கிலும் தென்கிழக்கிலும் நடுப்பகுதியிலும்தான் செங்கல் வீடுகள். அங்கேயும் நிறம் ஒன்றல்ல. கால்வாயும் ரயிலும் வருமுன் செங்கல்லைத் தொலைதூரம் கொண்டுபோனால் வண்டிக்கூலி கட்டுப்படியாகாது. ஊரை ஒட்டியே மண் தோண்டி, அங்கேயே சூளை போட்டார்கள். அதனால் ஊர் மண் எப்படியோ வீட்டு நிறமும் அப்படி. இரும்பு மிகுந்த மண் வெந்தால் சிவக்கும். கேம்பிரிட்ஜ் வட்டாரத்தின் 'கால்ட்' களிமண்ணில் சுண்ணாம்பு கலந்திருப்பதால் செங்கல் வெளிர்மஞ்சளாக வரும். சஃபோக்கில் வுல்பிட் என்ற ஊர் வெள்ளைச் செங்கல்லுக்கே பேர்போனது. ஸ்டாஃபோர்ட்ஷயரில் இரும்பு நிறைந்த மண்ணைக் காற்றைக் குறைத்துக் கடும் சூட்டில் வேகவைத்து நீலச் செங்கல் எடுத்தார்கள்.

செங்கல்லை அங்கே கொண்டுபோனது யார்?
(கரூர் வாசகர்)

ரோமானியர்கள். அவர்கள் கிளம்பியதும் தொழிலும் கிளம்பிவிட்டது. பல நூறு ஆண்டுகள் புதுக் கல் சுட ஆளில்லை. ரோமானியர் விட்டுப்போன கட்டடங்களைப் பெயர்த்துத்தான் கட்டினார்கள். செயின்ட் ஆல்பன்ஸ் தேவாலயக் கோபுரத்தில் இருப்பது வெருலேமியம் என்ற ரோமானிய நகரத்தின் செங்கல். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில்தான் கிழக்குப் பகுதிகளில் சூளைகள் மறுபடி புகைந்தன. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சஃபோக்கில் எழுந்த லிட்டில் வென்ஹாம் ஹால், இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய செங்கல் வீடுகளில் ஒன்று.

அதெல்லாம் பிரபுக்களின் மாளிகை. குடியானவன் வீட்டுக்குள் செங்கல் எப்போது நுழைந்தது?
(விருதுநகர் வாசகர்)

அடுப்பங்கரை வழியாக நுழைந்தது! பழைய வீட்டில் கூடத்தின் நடுவில் தீ மூட்டுவார்கள். புகை மேலே எழும்பிக் கூரை வழியாகக் கசிந்து வெளியேறும். புகை நிரம்பிய கூடத்துக்கு மேல் மாடி போட முடியாது. 16-ஆம் நூற்றாண்டில் செங்கல் புகைபோக்கி பரவியது. புகைக்குத் தனி வழி கிடைத்ததும் கூடத்தின் மேல் தளம் போட்டு, மேலே படுக்கையறை வைத்துக்கொண்டார்கள். ஒரு புகைபோக்கி வீட்டையே இரண்டடுக்காக்கியது.

எஸ்ஸெக்ஸில் ராட்வின்டர் என்ற ஊரில் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன், 1577-இல் வெளியான தன் நூலில், ஊர்ப் பெரியவர்கள் வியந்த மாற்றங்களில் ஒன்றாக, புதிதாக முளைத்த ஏராளமான புகைபோக்கிகளைக் குறித்திருக்கிறார். அரசாங்கமும் அதைக் கவனித்தது. 1662-இல் ஓர் அடுப்புக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங் என்று வரி போட்டது. மக்கள் அதை மனதார வெறுத்தார்கள். 1689-இல் வரி போனது.

சுவரைப் பார்த்தே வீட்டின் வயதைச் சொல்ல முடியுமா?
(நாமக்கல் கொத்தனார்)

உங்கள் தொழில்காரர் கண்ணுக்கு ஓரளவு முடியும். கல்லின் நீண்ட முகம் மட்டும் தெரிகிற வரிசை ஒன்று, அதன் மேல் குட்டி முகம் மட்டும் தெரிகிற வரிசை ஒன்று என்று மாறி மாறி வந்தால் அது இங்கிலீஷ் பாண்ட். பழைய சுவர்களில் அது அதிகம். ஒரே வரிசைக்குள் நீண்ட முகமும் குட்டி முகமும் அடுத்தடுத்து வந்தால் ஃபிளமிஷ் பாண்ட். லண்டனை அடுத்த கியூவில், சாமுவேல் ஃபோர்ட்ரே என்ற வணிகருக்காக 1631-இல் கட்டிய வீடு இதற்கு ஆரம்பகால எடுத்துக்காட்டு. இன்று அதற்குக் கியூ அரண்மனை என்று பெயர். பார்வைக்குச் சீராக இருந்ததால் 18-ஆம் நூற்றாண்டில் வீட்டு முகப்பு என்றால் ஃபிளமிஷ் பாண்ட் என்றே ஆயிற்று.

தடிமனையும் பாருங்கள். 1571-இல் கல்லுக்கு 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 2¼ அங்குலத் தடிமன் என்று அளவு வகுத்தார்கள். மெல்லிய கல் முதுமையின் அடையாளம், தடித்த கல் பிற்காலத்தது. இது குறிப்புதான், ஜாதகம் அல்ல. பழைய கல்லைப் பெயர்த்துப் புதுச் சுவரில் வைக்கும் வழக்கம் எல்லா நூற்றாண்டிலும் இருந்தது.

சில வீடுகளில் சிவப்புச் சுவரில் கறுப்புப் புள்ளிகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றனவே, சாயமா?
(கோவை வாசகி)

தீ தீட்டியது. விறகுச் சூளையில் நெருப்புக்கு மிக அருகில் இருந்த கல்லின் முனை, விறகுச் சாம்பலின் உப்புப் பட்டுக் கண்ணாடிபோல் உருகிக் கருநீலமாகும். வேறொருவர் கழித்துப் போட்டிருப்பார். அந்தக் காலக் கொத்தனார் அந்த முனையை வெளியே காட்டி அடுக்கி, சாய்சதுரக் கோலமும் சதுரங்கக் கட்டமும் போட்டார். கூடுதல் செலவில்லாத இப்படியொரு அலங்காரத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஜேன் ஆஸ்டின் வாழ்ந்த வீடு எப்படிப்பட்டது? அரண்மனையா, குடிசையா?
(திருச்சி கல்லூரி மாணவி)

இரண்டும் இல்லை. நம் தலைப்புக்கு அதைவிடப் பொருத்தமான வீடு கிடைக்காது. ஹாம்ப்ஷயர் மாவட்டம், சாட்டன் கிராமம். 17-ஆம் நூற்றாண்டுச் சிவப்புச் செங்கல் வீடு, ஓட்டுக் கூரை. சாலை பிரியும் இடத்தில், தெருவை ஒட்டியே நிற்கிறது. ஒரு காலத்தில் வழிப்போக்கர் விடுதியாகவும் இருந்தது. அண்ணன் எட்வர்டுக்கு அந்த ஊரில் பெரிய பண்ணை இருந்தது. 1809-இல் அவர் அந்த வீட்டைத் தாய்க்கும் தங்கைகளுக்கும் கொடுத்தார். ஜேன் 1817 வரை அங்கே இருந்தார். அவருடைய நான்கு நாவல்கள், 1811-க்கும் 1815-க்கும் இடையில், அந்த வீட்டில் இருந்தபோது அச்சேறின.

கட்டடக்கலையாகப் பார்த்தால் அங்கே நிற்க வேண்டிய இடம் வரவேற்பறை. தெருவைப் பார்த்திருந்த பெரிய ஜன்னலை அடைத்துவிட்டு, பக்கவாட்டில் தோட்டத்தைப் பார்த்து வேறொரு ஜன்னல் திறந்தார்கள். அடைத்த இடத்தின் உட்புறம் புத்தக அலமாரி ஆயிற்று. கோச்சு வண்டிகள் ஓடும் தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்க முடியாத ஓர் அறை அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது. ஒரே ஒரு ஜன்னல் இடம் மாறியதில் விடுதி, குடும்ப வீடாக மாறிவிட்டது. பெரிய மாளிகையில் இந்தச் சாமர்த்தியத்தைப் பார்க்க முடியாது. அங்கே இடிக்காமலே ஒதுங்க அறைகள் உண்டு.

ஜேனின் அக்கா கசாண்ட்ரா 1845-இல் இறந்தபின் வீட்டைத் தடுத்துப் பண்ணைத் தொழிலாளர்களைக் குடிவைத்தார்கள். 1949 முதல் அது அருங்காட்சியகம்.

அடைத்த ஜன்னல் என்றால் ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தது என்கிறார்களே?
(சேலம் வாசகர்)

பாதி உண்மை. 1696-இல் வந்த வரி 1851 வரை நீடித்தது. பத்துக்கு மேல் ஜன்னல் வைத்தவர்கள் முதலில் கூடுதல் வரி கட்டினார்கள். 1766-இல் ஏழு ஜன்னல் வீட்டையும் வரி எட்டிப் பிடித்தது. அதனால் அடைத்தவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் வெளிச்சமும் காற்றும் குறைந்தன. ஆனால் ஜேன் ஆஸ்டின் வீட்டு ஜன்னல் மறைவுக்காக அடைக்கப்பட்டது. வேறு பல வீடுகளில் அடைத்த ஜன்னல்போல் தெரிகிற குழி ஆரம்பத்திலிருந்தே ஜன்னல் இல்லை. உள்ளே புகைபோக்கி ஓடும் இடத்தில் ஜன்னல் வைக்க முடியாது; முகப்பின் இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டுமே என்று ஜன்னல் வடிவக் குழியை மட்டும் விட்டார்கள். அடைத்த செங்கல் சுற்றுச் சுவரோடு ஒரே கட்டாகப் பின்னியிருந்தால் அது பிறவியிலேயே குருட்டு ஜன்னல்.

செங்கல்லுக்கும் வரி போட்டார்களா?
(ஈரோடு சூளை உரிமையாளர்)

போட்டார்கள்! அமெரிக்கப் போரில் பட்ட கடனை அடைக்க 1784-இல் ஆயிரம் கல்லுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ் என்று தொடங்கி, பிறகு ஏற்றிக்கொண்டே போனார்கள். வரி எண்ணிக்கைக்குத்தானே? கல்லைப் பெரிதாக்கினால் எண்ணிக்கை குறையும் என்று சூளைக்காரர்கள் யோசித்தார்கள். மீஷம் ஊரின் ஜோசப் வில்க்ஸ் சுட்ட பருமனான கற்கள் அந்தப் பகுதிச் சுவர்களில் இன்றும் தெரிகின்றன. அரசாங்கம் விடவில்லை: 150 கன அங்குலத்துக்கு மேற்பட்ட கல்லுக்கு இரட்டை வரி என்றது. 10 × 5 × 3 அங்குலம். பெருக்கிப் பாருங்கள், சரியாக 150. அதோடு கல்லின் வளர்ச்சி நின்றது. 1850-இல் வரி ஒழிந்தது.

செங்கல் மாதிரியே இருக்கும், ஆனால் செங்கல் இல்லை என்று ஒரு சுவர் உண்டாமே?
(புதுச்சேரி வாசகர்)

உண்டு. 'மேதமெட்டிகல் டைல்' என்பார்கள். ஒன்றின்மேல் ஒன்று கவிந்து உட்காரும் ஓடு. வெளியே தெரிகிற முகம் மட்டும் செங்கல் அளவில் இருக்கும். மரச்சட்ட வீட்டின்மேல் வரிசையாக ஆணியடித்துச் சாந்து பூசினால் ஏமாறாத கண் இல்லை. கென்ட், சஸ்ஸெக்ஸ் பக்கம் ஏராளம். லூயிஸ் ஊரில் தெருத்தெருவாகப் பார்க்கலாம். செங்கல் வரியை ஏய்க்கக் கண்டுபிடித்தது என்று ஒரு கதை உலவுகிறது, நம்பாதீர்கள். சர்ரேயில் வெஸ்ட்காட் என்ற ஊரில் 1724 என்று ஆண்டு பொறித்த ஓட்டுச் சுவர் இருக்கிறது. வரி வந்தது 1784-இல். போதாததற்கு ஓட்டுக்கும் வரி இருந்தது. உண்மைக் காரணம் நாகரிக ஆசை: பழைய மர வீட்டை இடிக்காமல் புது மோஸ்தருக்கு மாற்றும் வழி.

அந்த ஆசை எங்கிருந்து வந்தது?
(அதே வாசகர்)

லண்டனிலிருந்து. 1666-இல் நகரம் எரிந்தது. 1667-இன் சட்டம் புதுக் கட்டடங்களுக்குச் செங்கல் அல்லது கல் என்று கட்டாயமாக்கியது. அந்தச் சட்டம் கிராமத்தைக் கட்டுப்படுத்தவில்லை. ஆனாலும் பணம் சேர்ந்த விவசாயி பட்டணத்து முகப்பைத் தன் ஊரிலும் விரும்பினார். முழு வீட்டையும் மாற்ற வசதியில்லாதவர்கள் தெருப்பக்கம் மட்டும் செங்கல் சுவர் எழுப்பினார்கள். பக்கவாட்டுக்குப் போனால் பழைய மரச்சட்டம் அப்படியே நிற்கும். அப்படியே கூரையையும் பாருங்கள்: மிகச் செங்குத்தாக இருந்தால், முன்பு வைக்கோல் வேய்ந்திருந்ததோ என்று கேளுங்கள். வைக்கோல் கூரைக்குச் சரிவு அதிகம் வேண்டும். ஓடு மாற்றிய பிறகும் சரிவு மாறாது.

சஃபோக்கில் பாம்புபோல் வளைந்து வளைந்து போகும் தோட்டத்து மதில், குடித்துவிட்டுக் கட்டியதா?
(கடலூர் வாசகர்)

கணக்குப் பார்த்துக் கட்டியது. அரைக்கல் கனத்தில் நேர்மதில் எழுப்பினால் இடையிடையே தூண் கொடுக்காமல் நிற்காது. வளைத்தால் வளைவே தாங்கும். தூண் வேண்டாம், கனமும் வேண்டாம். நீளம் கூடினாலும் மொத்தத்தில் கல் மிச்சம். ஈஸ்டன் கிராமத்து மதில் இந்த வகையில் புகழ்பெற்றது. தெற்குப் பார்த்த வளைவுகளில் வெயில் தங்கும். குளிர் நாட்டில் பழமரம் வளர்க்க அதைவிட நல்ல மூலை வேறில்லை.

இந்த வீடுகளை வடிவமைத்த ஆர்க்கிடெக்ட் யார்?
(மதுரை கட்டடக்கலை மாணவர்)

பெரும்பாலும் யாரும் இல்லை. ஊர்க் கொத்தனாரும் தச்சரும் வீட்டுக்காரரும் கூடிப் பேசி முடிவு செய்தது. பின்னாளில் அச்சுப் புத்தக மாதிரிகளும் உதவின. இந்தப் பேரில்லாத கொத்தனார்களிடம் பெரிய கட்டடக்கலைஞர்களே பாடம் படித்தார்கள். 1859-60-இல் அன்றைய கென்ட்டின் பெக்ஸ்லிஹீத்தில் வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸுக்காகக் கட்டடக்கலைஞர் ஃபிலிப் வெப் கட்டிய 'ரெட் ஹவுஸ்' அதற்குச் சாட்சி. செங்கல்லைச் சாந்து பூசி மறைப்பது கௌரவமாக இருந்த காலம் அது. வெப் சிவப்புக் கல்லை வெளியே காட்டினார். செங்குத்தான ஓட்டுக் கூரை, உயர்ந்த புகைபோக்கி, உள்ளே அறைக்கு எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே ஜன்னல்: எல்லாம் கிராமத்து வீட்டு இலக்கணம். மோரிஸ் அங்கே ஐந்தே ஆண்டுகள்தான் இருந்தார். அதன் தாக்கம் இன்னும் குடியிருக்கிறது.

இவ்வளவு கல்லையும் அறுத்த கைகள் யாருடையவை?
(தஞ்சாவூர் வாசகி)

இந்தக் கேள்விக்கு நன்றி. இலையுதிர் காலத்தில் மண் வெட்டி, குளிர்காலப் பனியில் உதிரவிட்டு, வசந்தத்திலிருந்து அறுப்பார்கள். குடும்பம் குடும்பமாக வேலை. குழந்தைகள் களிமண் சுமந்தார்கள். சிறுவயதிலேயே சூளையில் பாடுபட்ட ஜார்ஜ் ஸ்மித் என்பவர், வளர்ந்தபின் அந்தக் குழந்தைகளுக்காக எழுதினார், போராடினார். 1871-இல் வந்த சட்டம், 16 வயதுக்குட்பட்ட சிறுமிகளையும் 10 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் செங்கல் களத்தில் வேலைக்கு வைக்கத் தடை போட்டது. சில பழைய கற்களில் விரல் பதிந்த தடம் இருக்கும். செங்கல் வீட்டின் அழகைப் பேசுகிறவர்கள் அந்த விரல்களையும் சேர்த்துப் பேச வேண்டும். பாதியை மட்டும் பேசுவது நியாயமில்லை.

பழைய சுவரில் காரை உதிர்கிறது. சிமெண்ட் வைத்துப் பூசினால் இன்னும் பலம்தானே?
(இங்கிலாந்தில் பழைய வீடு வாங்கியிருக்கும் வாசகர், லெஸ்டர்)

தயவுசெய்து வேண்டாம்! இந்த இதழில் நான் உரக்கச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

அந்தச் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. மழையில் கொஞ்சம் நீர் குடிக்கும். வெயிலும் காற்றும் பட்டதும் காரை வழியாக அதை வெளியே விட்டுவிடும். காரை கல்லைவிட மென்மை. தேய வேண்டியிருந்தால் அதுவே முதலில் தேயும். பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை சுரண்டி எடுத்துப் புதிதாக வைத்தால் கல்லுக்குச் சேதமில்லை. அஸ்திவாரம் லேசாக அசைந்தாலும் சுண்ணாம்பு வளைந்து கொடுக்கும்.

1824-இல் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். புதுக் கட்டடத்துக்கு அது நல்ல பொருள். இந்தச் சுவருக்கு அது எதிரி. மூட்டுகளைச் சிமெண்ட் அடைத்துவிட்டால் உள்ளே போன நீர் கல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்து விரியும். கல்லின் முகம் பொரிந்து விழும். மென்மையான உட்பகுதி மழைக்குத் திறந்தபின் அழிவு வேகமெடுக்கும். தெருவில் நடந்து பாருங்கள்: சிமெண்ட் கோடுகள் விறைத்து நிற்க, நடுவில் கல் குழிந்து போன சுவர்கள் தென்படும். பலம் சேர்ப்பதாக நினைத்துச் செய்த வேலை அது.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். மோரிஸும் வெப்பும் 1877-இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றும் இயங்குகிறது, ஆலோசனை தருகிறது. உள்சுவரில் பிளாஸ்டிக் பெயிண்ட்டும் வேண்டாம். வெளியே விட்டதை உள்ளே அடைத்த கதையாகும்.

என் வீடு, என் பணம். இடித்துக் கட்டினால் யார் கேட்பார்கள்?
(அவருடைய பக்கத்து வீட்டுக்காரர்)

வீடு பட்டியலில் இருந்தால் சட்டம் கேட்கும். இரண்டாம் உலகப் போரை ஒட்டி, 1940-களில் வந்த சட்டங்களின்படி, பாதுகாக்க வேண்டிய கட்டடங்கள் பட்டியலிடப்படுகின்றன. முதல் தரம், நட்சத்திரமிட்ட இரண்டாம் தரம், இரண்டாம் தரம் என மூன்று படி. 1700-க்கு முன் கட்டி ஓரளவு பழைய உருவிலேயே நிற்கும் வீடுகள் பெரும்பாலும் தகுதி பெறும். அனுமதி இல்லாமல் இடிப்பதோ உருமாற்றுவதோ கிரிமினல் குற்றம். கெடுபிடி அதிகம் என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. நான் சட்டத்தின் பக்கம். நீங்கள் அந்த வீட்டில் முப்பது, நாற்பது ஆண்டுகள் இருப்பீர்கள்; வீடு முந்நூறு ஆண்டுகளாக இருக்கிறது. மூத்தவருக்கு ஒரு வார்த்தை உரிமை உண்டு.

இந்தக் கட்டுமுறைகளில் எதுவாவது நம் பக்கம் வந்திருக்கிறதா?
(நாகர்கோவில் வாசகர்)

உங்களுக்குப் பக்கத்திலேயே வந்திருக்கிறது. 'ராட் டிராப் பாண்ட்' கேள்விப்பட்டிருப்பீர்கள்: கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே கூடு விட்டுக் கட்டுவது. இங்கிலாந்தில் எளிய மக்களின் வீட்டுக்கும் தோட்டச் சுவருக்கும் புழங்கிய முறை. 1917-இல் பர்மிங்காமில் பிறந்து, 1945-இல் இந்தியா வந்த லாரி பேக்கர் அதைக் கேரளத்தில் பரப்பினார். செங்கல்லில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம். நடுவில் இருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். ஆங்கிலக் கூலித் தொழிலாளியின் சிக்கனம் திருவனந்தபுரத்து நடுத்தரக் குடும்பத்துக்கு வீடு கொடுத்தது. நல்ல கொத்துவேலைக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை.

அப்படி ஒரு வீட்டின் முன் ஐந்து நிமிடம் நிற்க வாய்ப்புக் கிடைத்தால் எதைப் பார்க்க வேண்டும்?
(சென்னை வாசகி)

முகப்பைக் கடைசியாகப் பாருங்கள். அது பிறர் பார்ப்பதற்கென்றே அலங்கரித்தது. முதலில் பக்கச் சுவர்: மரச்சட்டம் எட்டிப் பார்க்கிறதா? அடுத்து புகைபோக்கி: கூரையின் நடுவிலா, ஓரத்திலா? நடுவில் என்றால் வீடு அதைச் சுற்றி வளர்ந்திருக்கலாம். பிறகு கல்லின் தடிமன், அடுக்கிய விதம், நிறம் மாறும் இடம். நிறம் செங்குத்தாக ஒரு கோட்டில் மாறினால் அங்கே வீடு ஒருமுறை நீண்டிருக்கிறது. இறுதியாக மூட்டுகள். சுண்ணாம்பு தெரிந்தால் உள்ளே குடியிருப்பவரை மனதார வாழ்த்துங்கள்.

முந்நூறு ஆண்டு நிற்கும் செங்கல் வீட்டுக்கு என்ன வேண்டும்? ஒரே வரியில் சொல்லுங்கள்.
(திருநெல்வேலி வாசகர்)

பக்குவமாய் வெந்த மண், மென்மையான சுண்ணாம்பு, ஒழுகாத கூரை, ஏணி ஏறச் சோம்பாத சொந்தக்காரர்.